காற்றின் கோடும் நீரின் வளைவும்

பெயரிலிருந்தே தொடங்குகிறேன். அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில், யூட்டா மாநிலத்தைத் தொடும் வடக்கு எல்லையை ஒட்டி, பேஜ் என்று ஒரு சிற்றூர். அதற்குக் கிழக்கே, நவஹோ பழங்குடி மக்களின் நிலத்தில் ஒரு பாறை இடுக்கு இருக்கிறது. உலகம் அதை ஆன்டிலோப் கேன்யன் என்று அறியும். நவஹோ மொழியில் அதன் மேல்பகுதியின் பெயருக்கு ‘பாறைகளின் ஊடே தண்ணீர் ஓடும் இடம்’ என்று பொருள். நான் போய் நின்ற அன்று அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. காலடியில் புழுதி மணல், உதடு வெடிக்கும் வறட்சி, தலைக்கு மேல் பளீரென்ற நீல வானம். அப்படிப்பட்ட இடத்துக்குத் தண்ணீரை வைத்துப் பெயரிட்டவர்கள் அதை வெகுகாலம் கூர்ந்து பார்த்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். நிலவியலாளர்கள் பக்கம் பக்கமாக விளக்குவதை அவர்கள் ஒரு பெயருக்குள் வைத்துவிட்டார்கள்.

ஆன்டிலோப் என்ற பெயர், ஒரு காலத்தில் அங்கே மேய்ந்த பிராங்ஹார்ன் என்ற விலங்கால் வந்தது. பார்வைக்கு மான் மாதிரி இருக்கும். ஆனால் நம் வெளிமானைப் போல அது உண்மையான ஆன்டிலோப் இனம் இல்லை. இன்று உயிரோடிருக்கும் விலங்குகளில் ஒட்டகச்சிவிங்கியும் ஒகாபியும்தான் அதற்கு நெருங்கிய உறவு. எனவே நவஹோ பெயரே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

இப்படி அகலம் மிகக் குறைந்து, ஆழம் மிக அதிகமாக உள்ள பள்ளத்தாக்கை ஸ்லாட் கேன்யன் என்கிறார்கள். நம்மிடம் இடுக்கு என்ற சொல் இருக்கிறது. கேரளத்து இடுக்கியின் பெயரிலும் இருப்பது அதே சொல்தான். இரு கைகளையும் நீட்டினால் இரண்டு சுவரும் விரலுக்கு எட்டும். நிமிர்ந்து பார்த்தால் வானம் ஒரு நாடாவாகத் தெரியும். ஆன்டிலோப்பின் மேல்பகுதி சுமார் 200 மீட்டர் நீளம்தான். சுவர்களின் உயரம் 36 மீட்டருக்கு மேல், ஏறக்குறைய 12 மாடிக் கட்டடம். இதே யூட்டா, அரிசோனா எல்லையில் பக்ஸ்கின் கல்ச் என்ற இடுக்கு 20 கிலோமீட்டருக்கும் மேல் நீள்கிறது. ஜோர்டானில் பெட்ரா நகருக்குள் போகும் சிக் என்ற வழியும் இடுக்குதான். ஆனால் அது நிலத்தட்டின் அழுத்தத்தால் பாறை பிளந்து உண்டானது. பிற்பாடுதான் நீர் அதன் ஓரங்களை மழுக்கியது. ஆன்டிலோப்பை அப்படியே நீர் குடைந்தது.

உள்ளே தனியாகப் போக முடியாது. அனுமதி பெற்ற நவஹோ வழிகாட்டியுடன்தான் போக வேண்டும். நேரத்தில் ஒரு சிக்கல் உண்டு, போகிறவர்களுக்காகச் சொல்லிவைக்கிறேன். அரிசோனா மாநிலம் கோடைக்காலத்தில் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்தள்ளுவதில்லை. நவஹோ நிலம் முன்தள்ளுகிறது. இடுக்குக்கு அழைத்துப் போகிறவர்களோ பேஜ் ஊரின் நேரத்தைத்தான் பின்பற்றுகிறார்கள். கைபேசி எந்தக் கோபுரத்தின் அலையைப் பிடிக்கிறதோ அந்த நேரத்தைக் காட்டும். அதை நம்பிக் கிளம்பக் கூடாது.

வறண்ட ஓடைப் படுகையில் வண்டி குலுங்கிக்கொண்டு போகிறது. எதிரே சாதாரணமான ஒரு செம்பாறை மேடு. அதில் மேலிருந்து கீழாக ஒரு கறுப்புக் கோடு. கிட்டே போனபின்தான் அது கோடில்லை, வாசல் என்று தெரிகிறது. நாலடி உள்ளே வைத்ததும் வெயில் அறுந்துபோகிறது. முகத்தில் குளிர்ச்சி படுகிறது. எல்லோருடைய குரலும் தானாகத் தாழ்கிறது. அடுத்த கணம் எல்லோர் கையிலும் கைபேசி மேலே போகிறது.

படம் எடுக்கட்டும், தவறில்லை. ஆனால் முதல் ஐந்து நிமிடம் மேலே பார்க்காமல், ஒரு கை தூரத்தில் உள்ள சுவரை மட்டும் பார்க்கும்படி ஒவ்வொருவரிடமும் சொல்ல ஆசைப்படுகிறேன். அந்தச் சுவரில் இரண்டு பேரின் வேலை இருக்கிறது. ஒன்று கோடு. பாறை முழுக்க நெருக்கமாக, சாய்வாக, இணையாக ஓடும் கோடுகள், மரப்பலகையில் ரேகை ஓடுவது போல. மற்றொன்று வளைவு. சுவரே உப்பியும் குழிந்தும் புரண்டும் அலையாகப் போகிற போக்கு. பார்க்கிறவர்கள் இரண்டையும் ஒன்றாகக் குழைத்து, தண்ணீர் அலை அலையாக வரைந்துவிட்டுப் போனது என்று எண்ணிக்கொள்கிறார்கள். நானும் படங்களில் பார்த்த காலமெல்லாம் அப்படித்தான் எண்ணியிருந்தேன். கோடு காற்று போட்டது. வளைவு நீர் போட்டது. இரண்டுக்கும் நடுவே ஏறக்குறைய 19 கோடி ஆண்டுகள் இருக்கின்றன. ஒரு கோட்டின் மீது கண்ணை வைத்துத் தொடர்ந்து போங்கள். சுவர் வலப்பக்கம் உப்பும் இடத்திலும் இடப்பக்கம் குழியும் இடத்திலும் கோடு தன் சாய்வை மாற்றிக்கொள்வதில்லை. எதிர்ச்சுவரிலும் அதே சாய்வில் அதே கோடு தொடர்கிறது. அடுக்கடுக்காகச் செய்த இனிப்பை வளைந்த கத்தியால் வெட்டினாலும் உள்ளே அடுக்கு அடுக்காகத்தானே இருக்கும்.

முதலில் கோட்டைப் பார்ப்போம்.

எங்கள் வழிகாட்டி, சுவரைத் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டு, தரையில் கிடந்த ஒரு பாறைச் சில்லை எடுத்து என் உள்ளங்கையில் வைத்தார். கட்டைவிரலால் தேய்த்தேன். பிஸ்கட் போலப் பொடிந்து மணலானது. உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தால் ஒவ்வொரு மணலும் உருண்டையாக, மேற்பரப்பு மங்கலாக, தேய்த்த கண்ணாடி போல இருந்தது. ஆற்று மணலையோ கடல் மணலையோ இப்படிப் பார்த்தால் அதில் ஒரு மினுக்கம் இருக்கும். நீருக்குள் இரண்டு துகள்கள் மோதும்போது நடுவில் உள்ள நீர்ப்படலம் மெத்தை போலத் தாங்கிக்கொள்ளும். காற்றில் அந்த மெத்தை கிடையாது. மோதல் நேராக விழும். முனை முறியும், மேற்பரப்பு சொரசொரக்கும். உருண்டு மங்கிய துகள் என்றால் அது வெகுதூரம் காற்றில் பறந்து வந்த மணல்.

கோடுகளும் அதையே சொல்கின்றன. நாம் பார்ப்பவற்றில் மிக மெல்லியவை சில மில்லிமீட்டர் கனமே உள்ளவை. கடற்கரையில் உலர்ந்த மணல்மேல் காற்று வரிவரியாகச் சிற்றலை போடுவதைப் பார்த்திருப்பீர்கள். அந்த அலையின் முகட்டில் சற்றுப் பருத்த மணல் நிற்கும், பள்ளத்தில் நுண்மணல் தங்கும். அலை மெல்ல நகர்ந்து போகும்போது நுண்மணலின் மேல் பருமணல் ஏறி உட்காரும். மீதமாவது கீழே நைசும் மேலே கொரகொரப்புமாக ஒரு மெல்லிய தகடு. நீர் மணலைப் படிய வைத்தால் பொதுவாகப் பருத்தது முதலில் கீழே இறங்கும். இங்கே தலைகீழாக இருப்பதே காற்றின் கைவரிசைக்கு அடையாளம்.

மெல்லிய கோடுகளுக்கு இடையில் சில சென்டிமீட்டர் கனமுள்ள பட்டைகளும் தெரிகின்றன. மணல்மேட்டின் காற்று வீசும் பக்கம் தணிந்த சரிவாகவும், மறுபக்கம் செங்குத்தாகவும் இருக்கும். காற்று மணலை மேலேற்றி முகட்டில் குவிக்கக் குவிக்க, மறுபக்கச் சரிவு தாங்க முடியாமல் ஒரு கட்டத்தில் சொரிந்துவிடும். உலர்ந்த மணல் 34 பாகைக்கு மேல் சாய்ந்து நிற்காது. வீட்டில் அரிசியைக் குவித்துப் பாருங்கள். ஒரு கோணத்துக்கு மேல் குவியல் உயராமல் பக்கவாட்டில் வழியும். அப்படி வழிந்த ஒவ்வொரு சரிவும் பாறையில் ஒரு பட்டை. மேடு முன்னேற முன்னேறப் பட்டைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்ந்து அடுக்கப்படும். பிறகு வேறொரு மேடு வந்து பழையதன் தலையைச் சீவிவிட்டு அதன்மேல் தன் அடுக்கைச் சாய்க்கும். சுவரில் ஒரு கோட்டுக்கூட்டம் சட்டென்று முடிந்து, வேறு சாய்வில் மற்றொரு கூட்டம் தொடங்குகிறதே, அது ஒரு மணல்மேடு இன்னொன்றின் மேல் ஏறிய இடம்.

இந்தப் பாறைக்கு நவஹோ மணற்கல் என்று பெயர். ஜுராசிக் காலத்தின் தொடக்கத்தில், கண்டங்கள் எல்லாம் பான்ஜியா என்று ஒட்டிக்கிடந்தபோது, அதன் மேற்கு ஓரத்தில் இருந்த பாலைவனத்தின் மிச்சம் இது. புவியின் வரலாற்றில் நமக்குத் தெரிந்த மிகப் பெரிய மணற்கடல்களில் ஒன்று. இதே மணலை நெவாடாவில் அஸ்டெக் மணற்கல் என்றும், வயோமிங்கில் நக்கெட் மணற்கல் என்றும் அழைக்கிறார்கள். பெயர் மாறினாலும் பாலைவனம் ஒன்றுதான். யூட்டாவின் சயான் தேசியப் பூங்காவில் இது 600 மீட்டருக்கும் அதிகக் கனத்தில் நிற்கிறது.

இவ்வளவு மணலும் எங்கிருந்து வந்தது? மணலுக்குள் அரிதாக சிர்க்கான் என்ற கனிமத்தின் துகள் கிடைக்கும். அது உருவாகும்போது தனக்குள் சிறிது யுரேனியத்தைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. யுரேனியம் சீரான வேகத்தில் ஈயமாக மாறிக்கொண்டே போகும். யுரேனியம்-238 பாதியாகக் குறைய சுமார் 447 கோடி ஆண்டுகள் ஆகும். எவ்வளவு ஈயம் சேர்ந்திருக்கிறது என்று அளந்தால், அந்தத் துகள் எப்போது பிறந்தது என்று தெரிந்துவிடும். நவஹோ மணற்கல்லின் சிர்க்கான்களை இப்படி அளந்தபோது, பெரும் பகுதி கிழக்கே இருந்த அப்பலேச்சியன் மலைத்தொடரின் பாறைகளோடு பொருந்தியது. 2003-இல் இந்த முடிவுகள் வெளிவந்தன. கண்டத்தின் கிழக்கு ஓரத்தில் மலையாக நின்றது தேய்ந்து, பெரிய ஆறுகளில் மேற்கே வந்து, அங்கிருந்து காற்றால் தெற்கே பறந்து இங்கே குவிந்திருக்கிறது. அப்பலேச்சியன் அன்று எவ்வளவு உயரமாக இருந்திருந்தால் இவ்வளவு மணலைக் கொடுத்திருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்!

அந்தப் பாலையில் உயிர்களும் நடமாடின. இந்தப் பாறையில் டைனோசர்களின் கால்தடங்கள் இருக்கின்றன. எலும்புகள் அரிது. 2010-இல் விவரிக்கப்பட்ட ஒரு டைனோசர், தெற்கு யூட்டாவில் இதே மணற்கல்லில் கிடைத்தது. தலையும் கழுத்தின் ஒரு பகுதியும் வாலும் இல்லை. மற்ற எலும்புகள் கூட்டோடு அப்படியே இருந்தன. சரிந்த மணல்மேட்டுக்கு அடியில் புதையுண்டிருக்க வேண்டும் என்று கருதுகிறார்கள். அதற்கு செய்டாட் ருயெஸ்ஸி என்று பெயர் சூட்டினார்கள். செய்டாட், நவஹோ கதைகளில் ஆட்களை மணலில் புதைத்துவிடும் பூதம். ருயெஸ், 1934-இல் இதே பாறை நாட்டில் அலைந்து காணாமல் போன எவரெட் ருயெஸ் என்ற இளம் ஓவியர். மண்ணின் கதையையும் மண்ணில் மறைந்த மனிதனையும் சேர்த்து வைத்த பெயர் அது.

நான் மிகவும் விரும்பும் கண்டுபிடிப்பு இன்னொன்று. காற்று கிளப்பிய மணலின் கதையில் மழைக்கு என்ன இடம் என்று கேட்டவர்கள் டேவிட் லூப்பும் அவருடைய உடன் ஆய்வாளர்களும். நவஹோ மணற்கல்லில் சில இடங்களில் கோட்டு அடுக்குகள் ஆண்டுக் கணக்காக எண்ணக்கூடிய சுழற்சியில் இருக்கின்றன. பருவத்துக்குப் பருவம் காற்று மாறியதன் பதிவு அது. மரத்தின் வளையம் எண்ணுவது போல எண்ணலாம். அந்த அடுக்குகளுக்கு நடுவே ஆங்காங்கே கோடுகள் குலைந்து, கசங்கிய துணி மாதிரி சுருண்டு கிடந்தன. உலர்ந்த மணல் சொரியும். இப்படிக் கட்டியாகச் சரியாது. கனமழையில் நனைந்து பாரமேறிய சரிவு மொத்தமாக வழுக்கியிருந்தால்தான் இப்படி ஆகும். 36 ஆண்டுகளைக் குறிக்கும் ஓர் அடுக்கில் அத்தகைய சரிவுகள் 24 இருந்தன. ஆண்டுச் சுழற்சியில் அவை விழுந்திருக்கும் இடத்தைக் கொண்டு, 20 சரிவுகள் கோடைப் பருவமழையாலும் 4 குளிர்காலப் புயல்களாலும் வந்தவை என்று கணித்தார்கள். 2001-இல் நேச்சர் இதழில் இது வெளிவந்தது. பருவமழையை எண்ணிக்கொண்டே வளர்ந்தவர்கள் நாம். 19 கோடி ஆண்டுகளுக்கு முன் ஒரு பாலைவனத்தில், இந்த ஆண்டு பெய்தது, அடுத்த ஆண்டு பெய்யவில்லை என்று மணலில் எழுதிவைத்த கணக்கைப் படித்தபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது.

பிறகு அந்தப் பாலைவனம் புதைந்தது. மேலே வேறு படிவுகள் ஏறி அமுக்கின. நிலத்தடி நீர் மணல்களுக்கு இடையே கால்சைட்டையும் சிலிக்காவையும் இரும்பு ஆக்சைடையும் கொண்டுவந்து விட, அவை சிமென்ட் போல மணலை ஒட்டவைத்தன. ஆனால் முழுசாக ஒட்டவில்லை. துகள்களுக்கு நடுவே நிறைய இடைவெளி இருக்கிறது. அதனால்தான் இந்தப் பாறையே நிலத்தடியில் ஒரு பெரிய நீர்த்தேக்கமாக இருந்து, நவஹோ, ஹோபி மக்களின் குடிநீருக்கு ஆதாரமாகிறது. அந்த நீரைத்தான் 1970-இலிருந்து 2005 வரை நிலக்கரித் தூளோடு கலந்து, குழாய் வழியாக நெவாடாவில் இருந்த அனல்மின் நிலையத்துக்குத் தள்ளினார்கள். நிலக்கரியைச் சுமந்து போக, பாலைவனத்தின் குடிநீரைப் பயன்படுத்தினார்கள் என்பதை இன்றும் என்னால் ஏற்றுக்கொள்ள முடியவில்லை.

இனி வளைவு.

இந்த இடம் அடங்கிய கொலராடோ மேட்டுநிலம் முழுவதும் காலப்போக்கில் உயர்ந்தது. உயர்ந்த நிலத்தில் ஓடும் ஆறு கீழே அறுக்கும். கடந்த 50, 60 லட்சம் ஆண்டுகளில் கொலராடோ ஆறு ஆழமாக அறுத்து இறங்கியது. பெரிய ஆறு இறங்கினால் அதில் விழும் சிற்றோடைகளும் இறங்கியாக வேண்டும். ஆன்டிலோப் ஓடை அப்படி ஒரு சிற்றோடை. ஆண்டின் பெரும்பாலான நாட்கள் அது வறண்டு கிடக்கும். ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை இடியோடு மழை வரும் பருவம். சுற்றிலும் மண்ணில்லாத மொட்டைப் பாறை. பெய்தது எதையும் உடனே உறிஞ்சாது. பெய்தது பெய்தபடி ஓடையில் வந்து விழும்.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். 10 மீட்டர் அகல ஓடையில் அரை மீட்டர் ஆழத்துக்கு, விநாடிக்கு 2 மீட்டர் வேகத்தில் தண்ணீர் வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விநாடிக்கு 10 கன மீட்டர். முழங்கால் அளவு வெள்ளம்தான். அதே தண்ணீர் 1 மீட்டர் அகல இடுக்குக்குள் நுழைந்தால்? அளவு குறையாது, ஆழமும் வேகமும்தான் ஏற வேண்டும். விநாடிக்கு 4 மீட்டர் வேகத்தில் ஓடினாலும் இரண்டரை மீட்டர் ஆழம் தேவை. முழங்கால் தண்ணீர் தலைக்கு மேல் போய்விட்டது. அதுவும் வெறும் தண்ணீரில்லை, மணலும் கல்லும் கலந்த குழம்பு. பாறையைத் தேய்ப்பது அந்த மணல்தான். தண்ணீர் அதைச் சுமந்து அழுத்துகிறது. இடுக்கு ஒருமுறை அமைந்துவிட்டால் வெள்ளத்தின் வலு முழுவதும் அங்கேயே குவியும். குவிந்த வலு இன்னும் ஆழமாக அறுக்கும். மழை அடிக்கடி பெய்யும் ஊராக இருந்திருந்தால் சுவர்களின் மேற்பகுதி ஊறி உதிர்ந்து, இடுக்கு அகன்று சாதாரணப் பள்ளத்தாக்காகியிருக்கும். இங்கே மேலே வறட்சி. கீழே எப்போதாவது வரும் மூர்க்கமான வெள்ளம். இடுக்கு இடுக்காகவே நிற்க இந்த இரண்டும் வேண்டும்.

பாறையில் முன்பே விரிசல்கள் உண்டு; தண்ணீர் அவற்றைப் பிடித்துக்கொண்டு போகிறது. ஆனால் விரிசல் நேராகத்தானே இருக்கும், சுவர் ஏன் புரள்கிறது? வேகமான நீர் நேராக ஓடாது. சுவரில் ஒரு சிறு புடைப்பு இருந்தால் அதைத் தாண்டியதும் சுழல் உண்டாகும். சுழலில் சிக்கிய மணல் அந்த இடத்தையே சுற்றிச் சுற்றித் தேய்க்கும். குழி விழும். குழி விழுந்ததும் சுழல் இன்னும் வசதியாக அங்கே தங்கும், குழி பெரிதாகும். அங்கிருந்து திருப்பி விடப்பட்ட நீர் எதிர்ச்சுவரில் மோதி அங்கே ஒரு குழியைத் தொடங்கும். தரையிலும் இதே கதை; சுழலும் கற்கள் உரல் போலக் குழி குடையும். அடுத்தடுத்த உரல்குழிகளின் நடுச்சுவர் உடைந்தால் வழி பிறக்கும். ஆன்டிலோப்பின் கீழ்ப்பகுதியில் இரும்பு ஏணிகளில் இறங்கிப் போகும்போது, அரை வட்டம் அரை வட்டமாகச் சுவர் சுருண்டு இறங்குவதைப் பார்க்கலாம். அந்தப் பகுதியின் நவஹோ பெயரும் சுருள் வளைவுகளைத்தான் சொல்கிறது. மேல்பகுதி கூடாரம் போல, மேலே குறுகிக் கீழே அகன்றது. கீழ்ப்பகுதி புனல் போல, மேலே விரிந்து கீழே ஒடுங்கியது. சில இடங்களில் பாதம் ஒன்றன்முன் ஒன்றாக வைத்துத்தான் நடக்க முடியும்.

ஒரு திருப்பத்தில் எங்கள் வழிகாட்டி மேலே கை காட்டினார். ஆள் உயரத்துக்கு மேல், பல மடங்கு உயரத்தில், இரண்டு சுவருக்கும் நடுவே ஒரு மரத்தடி குறுக்காகச் சிக்கியிருந்தது. யாரும் கொண்டுபோய் வைத்ததில்லை. அந்த உயரத்துக்குத் தண்ணீர் வந்திருக்கிறது. அதுவரை சலசலவென்று பேசிக்கொண்டிருந்த எங்கள் கூட்டம் கொஞ்ச நேரம் பேசவில்லை.

1997 ஆகஸ்ட் 12. கீழ்ப்பகுதிக்குள் பயணிகள் இருந்தார்கள். இடுக்கின் மேல் குறிப்பிடும்படி மழையில்லை. பல கிலோமீட்டர் தள்ளி, ஓடையின் மேற்புறத்தில் இடியோடு கொட்டித் தீர்த்தது. அந்தத் தண்ணீர் ஓடையில் திரண்டு இடுக்குக்குள் சுவராக வந்தது. 11 பேர் இறந்தார்கள். உள்ளே சிக்கியவர்களில் ஒரு வழிகாட்டி மட்டும் பிழைத்தார். அப்போது அங்கே இருந்தவை மர ஏணிகள். இப்போது பாறையில் முடுக்கிய இரும்புப் படிகள் இருக்கின்றன. வானிலை எச்சரிக்கையை வழிகாட்டிகள் தொடர்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். மேற்புறத்தில் மழை என்றால் யாரையும் இறக்குவதில்லை. பணம் கட்டி வெகுதூரம் வந்துவிட்டு வானம் வெளுத்திருக்கும்போது ‘இன்று முடியாது’ என்று சொன்னால் வருத்தமாகத்தான் இருக்கும். அதற்காக அவர்களிடம் வாதாடாதீர்கள். இடுக்குக்குள் இருப்பவருக்குத் தெரியும் வானம் ஒரு நாடா அகலம்தான்.

கடைசியாக ஒளி. பலரும் இதற்காகத்தான் வருகிறார்கள்.

மணலின் நிறம் இரும்பால் வந்தது. ஒவ்வொரு துகளின் மேலும் ஹேமடைட் என்ற இரும்பு ஆக்சைடு மெல்லிய பூச்சாகப் படிந்திருக்கிறது. தூத்துக்குடிப் பக்கம் தேரிக்காட்டு மணல் சிவந்திருப்பதும் இதே பூச்சினால்தான். நவஹோ மணற்கல்லில் சில இடங்களில் நிலத்தடியில் ஓடிய வேறு வகை நீர்மங்கள் அந்த இரும்பைக் கரைத்துப் பாறையை வெளுக்க வைத்தன. கரைந்த இரும்பு வேறிடத்தில் கோலிக்குண்டு போன்ற உருண்டைகளாகத் திரண்டது. 2004-இல் செவ்வாய்க் கோளில் ஆப்பர்சூனிட்டி ஊர்தி இதே போன்ற சிறு ஹேமடைட் உருண்டைகளைக் கண்டபோது, யூட்டாவின் உருண்டைகளை ஏற்கெனவே ஆராய்ந்துகொண்டிருந்தவர்களால் அங்கேயும் நிலத்தடி நீர் இருந்திருக்கலாம் என்று உடனே விளக்கம் சொல்ல முடிந்தது.

ஆனால் இடுக்கின் உள்ளே தெரியும் அந்த எரிகிற ஆரஞ்சு, வெளியே வெயிலில் கிடக்கும் அதே பாறையில் இல்லை. வெளியே அது மங்கிய செம்மண் நிறம். உள்ளே என்ன நடக்கிறது? பாறை தன்மேல் விழும் சிவப்பொளியில் 60 சதவீதத்தையும் நீல ஒளியில் 20 சதவீதத்தையும் திருப்பி அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். ஒருமுறை பட்டுத் திரும்பிய ஒளியில் சிவப்பு நீலத்தைப் போல மூன்று மடங்கு. அது எதிர்ச்சுவரில் பட்டால் ஒன்பது மடங்கு. மூன்றாம் முறை 27 மடங்கு. ஒளி மங்கிக்கொண்டே வருகிறது. நிறம் ஆழமாகிக்கொண்டே போகிறது. அதனால்தான் வாய்க்கு அருகே சுவர் மஞ்சளாகவும், நடுவே ஆரஞ்சாகவும், அடியில் கருஞ்சிவப்பாகவும் தெரிகிறது. சூரிய ஒளி எந்த வழியாகவும் எட்டாமல், வானத்தின் நீலம் மட்டும் எட்டிப்பார்க்கும் வளைவுகள் ஊதாவாகத் தெரிகின்றன. இதை ஒரே இடத்தில் நின்று பார்க்கலாம். ஒரு மேகம் சூரியனை மறைத்தால் போதும், சுவர் முழுவதும் நிறம் மாறும்.

மேல்பகுதியின் புகழ்பெற்ற ஒளித்தூண்களுக்கு வேறு காரணம். இந்த இடம் நிலநடுக்கோட்டுக்கு வடக்கே ஏறக்குறைய 37 பாகையில் இருக்கிறது. ஜூன் கடைசியில் உச்சிப்பொழுதில் சூரியன் 76 பாகை உயரத்துக்கு ஏறும். டிசம்பரில் 30 பாகையைத் தாண்டாது. கூரையின் குறுகிய பிளவு வழியே கதிர் தரைவரை இறங்க வேண்டுமானால் சூரியன் உயரத்தில் இருக்க வேண்டும். எனவே வசந்தத்தின் தொடக்கத்திலிருந்து அக்டோபர் முதல் வாரம் வரை, நண்பகலை ஒட்டிய நேரத்தில்தான் தூண் நிற்கும். நிற்கிறது என்றாலும் கண்ணுக்குத் தெரியாது. பக்கவாட்டில் போகும் கதிர் நம் கண்ணுக்கு வராதே. ஓட்டு வீட்டில் கண்ணாடி ஓட்டின் வழியே இறங்கும் வெளிச்சத்தில், வீடு பெருக்கும்போது மட்டும் ஒரு சாய்ந்த கம்பம் தெரியுமே, அதேதான். எங்கள் வழிகாட்டி ஒரு கைப்பிடி மணலை அள்ளி வெளிச்சத்துக்குள் வீசினார். கனமான மணல் உடனே விழுந்துவிட்டது. கூட வந்த நுண்தூசி மட்டும் மிதந்து நின்றது. ஒவ்வொரு தூசியும் கொஞ்சம் ஒளியை எங்கள் பக்கம் திருப்பியது. தரையிலிருந்து கூரைவரை வெண்மையாக ஒரு தூண் எழுந்தது. அரை நிமிடத்தில் தூசி அடங்கியதும் தூண் கரைந்தது. அவர் மறுபடியும் ஒரு கைப்பிடி அள்ளினார்.

பீட்டர் லிக் என்ற ஒளிப்படக் கலைஞர், இங்கே எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் ஒன்று 65 லட்சம் டாலருக்கு விற்றதாக 2014-இல் அறிவித்தார். அந்தப் படத்தில் ஒளி விழுந்த தூசி ஒரு மனித உருவம் போலத் தெரியும். எனக்கு அந்த உருவத்தைவிட அது எதனால் ஆனது என்பதில்தான் மனம் போகிறது. அந்தத் தூசி அப்பலேச்சியன் மலையாக இருந்தது. ஆற்றில் வந்தது. மணல்மேடானது. பாறையானது. ஒரு வெள்ளத்தில் சுவரை விட்டுக் கழன்றது. 19 கோடி ஆண்டுகள் அடைபட்டுக் கிடந்தபின், மறுபடியும் சில விநாடிகள் காற்றில் ஏறியிருக்கிறது.

வெளியே வந்ததும் காலணியைக் கழற்றித் தட்டினேன். நல்ல கைப்பிடி மணல் விழுந்தது. அடுத்த வெள்ளத்தில் அது ஓடையோடு போகும். முன்பெல்லாம் கொலராடோ ஆற்றில் சேர்ந்து கடலை நோக்கிப் போயிருக்கும். இப்போது வழியில் அணை நிற்கிறது. பேஜ் ஊரே 1957-இல் அந்த ஆற்றின் குறுக்கே க்ளென் கேன்யன் அணையைக் கட்டுபவர்களுக்காக உருவானதுதான். இதே நவஹோ மணற்கல் சுவர்களில் பொருத்தி, 710 அடி உயரத்துக்குக் கட்டிய அணை அது. 1963-இல் தண்ணீரைத் தேக்கத் தொடங்கினார்கள். ஆன்டிலோப் ஓடையின் கடைக்கோடி, அப்படித் தேங்கிய பவல் ஏரிக்குள் மூழ்கிவிட்டது. வெள்ளம் ஏரியைத் தொட்டதும் வேகம் இழக்கிறது. சுமந்து வந்த மணலை அங்கேயே இறக்கி வைக்கிறது. சமீபத்திய வறட்சி ஆண்டுகளில் ஏரி வற்றி, கரைப்பாறைகளில் பழைய நீர்மட்டம் வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. அதற்குக் கீழே, ஓடைகள் ஏரியில் சேரும் வாய்களில், ஈரம் காயாத புது மணல் வரிவரியாகப் படிந்து கிடந்தது.